ஆடுகளம் இல்லாத ஆட்டக்காரி

லூஸியா ஹாரிஸ் என்னும் பெயரைச் சொன்னால் நம்மவரிற் பெரும்பாலோர், "யார் அவர்? எந்தப் படத்தில் நடிப்பவர்?" என்றே கேட்பர். அவர் நடிகையல்லர், அரசியல்வாதியுமல்லர். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியிலே பஞ்சுக் காட்டில் வேலை செய்து வளர்ந்து, கூடைப்பந்தாட்டத்தில் தம் காலத்தில் ஒப்பாரின்றி விளங்கிய ஒரு கறுப்பினப் பெண்மணி. உலக ஒலிம்பிக் பந்தயத்தில், மாதர் கூடைப்பந்தாட்டத்தின் முதற் புள்ளிகள் அவர் கையினின்று போந்த பந்தாற் கிடைத்தவையே. ஆடவர்க்கென்றே ஏற்பட்ட தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தைச் சேர்ந்த குழுவொன்று, முறைப்படி பெயர் சொல்லித் தெரிந்தெடுத்த பெண்ணும் அவர் ஒருவரே. இத்துணைப் புகழிருந்தும், அவர் சம்பளம் பெற்று ஆடியது ஒரேயொரு பருவந்தான். அஃது ஏன் அவ்வாறாயிற்று என்பதே என் நெஞ்சை அரிக்கும் கேள்வி.

"பந்தைக் கூடையிற் போட்ட ஒருத்திக்காக இவ்வளவு காகிதமா?" என்று சில பெரியவர்கள் முகஞ் சுளிக்கக்கூடும். அவர்கள் சற்றே பொறுத்து மேலே படிப்பார்களாக.

லூஸியா 1955-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள், மிஸிஸிப்பி மாகாணத்தில் மின்டர் ஸிட்டி என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெற்றோர்க்குப் பதினொரு மக்கள், இவர் பத்தாமவர். அவ்வூர் இருக்கும் லெப்ளோர் வட்டாரத்திலேதான், அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், எம்மெட் டில் என்னும் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன், வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியிடம் மரியாதைக் குறைவாக நடந்தான் என்று குற்றஞ்சாட்டப்பெற்று, இரவிலே வீட்டினின்று இழுத்துச் செல்லப்பட்டான்; பின்பு கொலையுண்டான். கொன்றவர்களை நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்த மண்ணில், அந்த ஆண்டில், தொட்டிலிற் கிடந்த குழந்தை லூஸியா.

அவருடைய பெற்றோர் வாரக்குடிகள். வாரக்குடி என்றால் என்னவென்று நம் தோட்டப்புறத்து மக்களுக்கு விளக்கவேண்டுவது மிகச் சிறிதே. நிலம் முதலாளிக்குச் சொந்தம், உழைப்பு குடியானவனுக்குச் சொந்தம், விளைச்சலிற் பங்கு. விதையும், உரமும், மாவும், உப்பும் முதலாளியின் கடையிற் கடனாக வாங்கவேண்டும். பருவ முடிவிற் கணக்குப் புத்தகத்தை விரிப்பவனும் முதலாளியே. அப்புத்தகத்திற் குடியானவனுக்கு வரவேண்டிய பாக்கி என்று ஒன்று இருந்தால் அது பெரும் அதிசயம். கங்காணியின் கடையிற் பற்றுக்கணக்கு வைத்திருந்த நம் பாட்டன்மாருக்கு இக்கதை புதிதன்று. நம்மவர் வெட்டியது பால்மரம், அவர்கள் பறித்தது பஞ்சு, வேற்றுமை அவ்வளவே.

பள்ளி விட்டதும் பஞ்சுக் காட்டிற்குப் போகவேண்டும். இரவிலோ, தாயார் "உறங்கு" என்று அதட்டிய பின்னரும், போர்வைக்குள் ஒளிந்துகொண்டு தொலைக்காட்சியிற் கூடைப்பந்து பார்ப்பாராம் இச்சிறுமி. ஆஸ்கார் ராபர்ட்ஸன் முதலிய ஆடவர் ஆடும் ஆட்டந்தான் காணக் கிடைத்தது. பெண்கள் ஆடும் ஆட்டத்தை அந்நாளில் யார் காட்டினார்கள்? அவர் 6 அடி 3 அங்குலம் வளர்ந்தார். நெட்டை என்று பள்ளிப் பிள்ளைகள் கேலி பேசினர். உயரத்தைத் தவிர அவளிடம் வேறொன்றுமில்லை என்று எதுகை கூட்டிப் பாடினர். கிரீன்வுட் நகரத்து உயர்தரப் பள்ளியில் ஒரே ஆட்டத்தில் 46 புள்ளிகள் எடுத்தபின் அந்தப் பாட்டு அடங்கியிருக்குமென்றே நினைக்கிறேன்.

இவ்விடத்தில் அவ்விளையாட்டின் வரலாற்றைச் சிறிது சொல்லியாகவேண்டும். இல்லையேல் லூஸியாவின் கதை விளங்காது. 1891-ஆம் ஆண்டு டிசம்பரில், மாசாச்சூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், பனிக்காலத்தில் வெளியே ஆட இயலாத மாணவர்க்கென்று, பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டி இவ்வாட்டத்தை உண்டாக்கினார். அடுத்த ஆண்டே ஸ்மித் கல்லூரி ஆசிரியை செண்டா பெரன்ஸன் என்பார் அதனைத் தம் மாணவியர்க்குக் கற்பித்தார். பெண்கள் ஆடத் தொடங்கியது ஆடவர்க்கு ஓராண்டு பின்னே என்றுகூடச் சொல்லமுடியாது. சில கிழமைகள் பின்னே. ஆனாற் பெண்களின் உடல் தாங்காது என்னும் அக்கால எண்ணத்திற்கிணங்க, ஆடுகளத்தை மூன்று கூறாகக் கோடு கிழித்து, ஒரு கூற்றில் நிற்பவள் மற்றொரு கூற்றிற்குப் போகலாகாது என்று விதி செய்தார்கள். ஆடவனுக்கு முழுக்களம், பெண்ணுக்கு ஒரு துண்டுக்களம்! இவ்விதி பலவாறு திரிந்து, பாதிக்களத்தில் ஆடும் அறுவர் ஆட்டமாக நெடுங்காலம் நின்றது. ஐயோவா மாகாணத்துப் பள்ளிகளில் 1993-ஆம் ஆண்டு வரையில் அது வழக்கிலிருந்தது. கல்லூரிப் பெண்கள் முழுக்களத்தில் ஐவராக ஓடியாடலாம் என்பது 1971-ஆம் ஆண்டிலேதான் விதியாயிற்று. அடுத்த ஆண்டு, 1972-ல், அரசாங்கப் பொருளுதவி பெறும் கல்விச்சாலைகளில் ஆண் பெண் என்னும் வேற்றுமை காட்டலாகாது என்ற சட்டம் பிறந்தது. லூஸியா கல்லூரி வாயிலுக்கு வந்தது 1973-ல். காலம் அவருக்காக ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது என்று சொல்லவேண்டும். ஒரு கதவைத்தான் திறந்தது.

அக்கல்லூரி, மிஸிஸிப்பி மாகாணத்து கிளீவ்லாந்து நகரில் உள்ள டெல்ட்டா ஸ்டேட். சில ஆண்டுகளுக்கு முன்வரை வெள்ளையரையன்றிப் பிறரைச் சேர்த்துக்கொள்ளாத கல்லூரி அது. அங்கே பெண்கள் கூடைப்பந்துக் குழு ஒன்று முன்னாளில் இருந்தது. இளம்பெண்களுக்கு அது மிகக் கடுமையான ஆட்டம் என்று சொல்லி 1932-ல் அதைக் கலைத்துவிட்டனர். அன்று அக்குழுவில் ஆடிய மார்கரெட் வேட் என்னும் மாணவி, தோழியரோடு அழுது, சீருடைகளைத் தீயிலிட்டாராம். நாற்பத்தோராண்டு கழிந்து, 1973-ல் குழுவை மீண்டும் அமைக்கக் கல்லூரி முன்வந்தபோது, பயிற்சியாசிரியையாக அழைக்கப்பட்டவர் அதே மார்கரெட் வேட். அப்போது அவருக்கு வயது அறுபது. தம் இளமையிற் பறிக்கப்பட்ட ஆட்டத்தை, அவர் தம்மினும் மிக இளைய ஒரு கறுப்பினப் பெண்ணின் கைகளில் வைத்தார்.

வேட் அம்மையாரும் லூஸியாவும் சேர்ந்து செய்த காரியம் அந்நாட்டையே திரும்பிப் பார்க்கச் செய்தது. 1975, 1976, 1977 ஆகிய மூன்றாண்டும் தொடர்ந்து தேசிய வெற்றி. 1975-ன் இறுதியாட்டத்தில், அதற்குமுன் மூன்றாண்டு வாகைசூடியிருந்த இம்மாகுலாட்டா கல்லூரியை 90-க்கு 81 என்று வென்றனர். இடையிலே 51 ஆட்டங்கள் தோல்வியின்றிச் சென்றன. லூஸியா ஆடிய நான்காண்டில் அக்குழுவிற்கு வெற்றி 109, தோல்வி 6. அவர் மட்டும் எடுத்த புள்ளிகள் 2,981. கூடையில் விழாது திரும்பிய பந்தை எட்டிப் பிடித்தது 1,662 முறை. நியூயார்க் மாநகரத்து மாடிஸன் சதுக்க அரங்கில் ஒரே ஆட்டத்தில் 47 புள்ளிகள் எடுத்தார். டெல்ட்டா ஸ்டேட்டில் ஆடவர் ஆட்டத்தைக் காணவந்த கூட்டத்தினும் பெண்கள் ஆட்டத்தைக் காணவந்த கூட்டம் பெரிது. குழுவிற் கறுப்பினப் பெண் அவர் ஒருவரே. ஆயினும் கல்லூரி மாணவர் ஆண்டு விழாவின் அரசியாக அவரைத் தெரிந்தெடுத்தனர். அப்பெருமை அங்கே கறுப்பினப் பெண்ணொருவர்க்குக் கிட்டியது அதுவே முதன்முறை. இன்னுமொன்று: அவர் ஆடிய அரங்கத்திற்கு வால்டர் ஸில்லர்ஸ் என்று பெயர். கறுப்பரும் வெள்ளையரும் ஒருங்கே படிக்கலாகாது என்று உயிருள்ளவரை போராடிய மாகாணச் சட்டசபைத் தலைவர் பெயர் அது. சுவரிலே அவர் பெயர். தளத்திலே லூஸியாவின் ஆட்டம். சுற்றிலும் வெள்ளையரின் கரகோஷம். சரித்திரத்திற்கும் நகைச்சுவை உண்டுபோலும்!

1976-ல் மான்ட்ரியால் நகரில் ஒலிம்பிக் நடைபெற்றது. ஆடவர் கூடைப்பந்து 1936-லேயே ஒலிம்பிக்கிற் சேர்ந்துவிட்டது. பெண்களுக்கு இடங்கொடுக்க மேலும் நாற்பதாண்டு பிடித்தது. முதலாட்டம் அமெரிக்காவிற்கும் ஜப்பானுக்கும். முதற்பந்தைக் கூடையிலிட்டவர் லூஸியா. அவ்வாட்டத்தில் அமெரிக்கா தோற்றது என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஏழடி உயரமுள்ள செம்யோனோவா என்னும் மாதைக் கொண்டிருந்த சோவியத் குழு தங்கம் வென்றது; அமெரிக்கர் வெள்ளியோடு திரும்பினர்.

அடுத்த ஆண்டு கல்லூரிப் படிப்பு முடிந்தது. வயது இருபத்திரண்டு. உடலில் வலிமையும், கையிற் பதக்கமும், பத்திரிகைகளிற் படமும் உண்டு. இனி எங்கே போய் ஆடுவது? எங்குமில்லை. அந்நாட்டில் அன்று பெண்களுக்குச் சம்பளங்கொடுத்து ஆடவைக்கும் சங்கம் ஒன்றேனும் இல்லை. ஆடவரில் அவர்க்கொப்ப ஆடியவன் இலட்சாதிபதியாயிருப்பான். அக்கோடையிலேதான் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் என்னும் ஆடவர் குழு, ஆட்டக்காரரைத் தெரிந்தெடுக்கும் நாளில், ஏழாம் சுற்றில், 137-ஆம் பெயராக லூஸியாவை அறிவித்தது. 1969-ல் டெனிஸ் லாங் என்னும் பெண்ணை வேறொரு குழு இவ்வாறு எடுத்ததுண்டு. சங்கத் தலைமை அதனைச் செல்லாதென்று தள்ளிவிட்டது. லூஸியாவின் தேர்வைத் தள்ளவில்லை. அவரோ போக மறுத்துவிட்டார். இதெல்லாம் விளம்பரத்திற்குச் செய்யும் வேலை என்பது அவர் எண்ணம். ஆடவரோடு மோதி நிற்க இயலும் என்ற நம்பிக்கையும் அவர்க்கில்லை. மேலும் அவ்வாண்டு தொடக்கத்தில் மணம் புரிந்திருந்தார், வயிற்றிற் குழந்தை.

இதைக் கேட்டவுடன், "பார்த்தீர்களா, அவளே போகவில்லை; பிறகு யாரைக் குறை சொல்வது?" என்பார் உளர். நான் அவ்வாறு எண்ணவில்லை. தம்மினும் உயர்ந்த, கனத்த ஆடவர் நடுவே காட்சிப் பொருளாக நிற்பது, அல்லது வீட்டோடு இருந்துவிடுவது: இவ்விரண்டையுமே முன்வைத்து, "விரும்பியதை எடுத்துக்கொள்" என்பது ஒரு தெரிவாகுமா? பெண்களோடு பெண்களாக, தமக்குரிய களத்தில் ஆடிப் பிழைக்கும் மூன்றாவது வழியை யாரும் உண்டாக்கி வைக்கவில்லை. அவ்வழி இல்லாதிருந்ததே குற்றம். அவர் மறுத்தது குற்றமன்று.

இதனை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் குடும்பத்திலும் ஒரு காரணமுண்டு. சிலாங்கூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள் நான். என் பெரிய அக்காளைப்போல ஓடக்கூடியவர் அத்தோட்டத்தில் ஆணிலும் இல்லை. தோட்டத்து விளையாட்டு விழாவில் அவள் வென்று கொணர்ந்த எனாமல் குவளையிலேதான் எங்கள் அப்பா ஆயுள் முழுதும் காப்பி குடித்தார். பன்னிரண்டாம் வயதில் அக்காள் பெரியவளானாள். சடங்கு சுற்றினார்கள், பள்ளிக்கூடம் நின்றது, விளையாட்டும் நின்றது. மூன்றாம் ஆண்டு பெரட்டிற் பெயர் எழுதியாயிற்று. திடலிற் பையன்கள் காற்பந்து ஆடும் ஓசை லயத்திற்குக் கேட்கும். அக்காள் பால்வாளியைக் கழுவிக்கொண்டிருப்பாள். "ஓடியது போதும், உட்காரு" என்று யாரும் அவளை அதட்டவில்லை. அதட்டவேண்டிய தேவையே நேரவில்லை. அவள் ஓடுவதற்கென்று ஓர் இடமே இல்லாமற் போயிற்று. லூஸியாவைப்பற்றி அவளிடம் சென்ற ஆண்டு கூறினேன். எழுபதைக் கடந்த அக்காள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தம்மாவுக்குப் பிள்ளைகள் எத்தனை, தங்கச்சி?" என்றாள். "நாலு" என்றேன். "அப்போ கடைசிவரைக்கும் ஓட்டந்தான்" என்று சொல்லி வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள்.

மிஸிஸிப்பிக்குத் திரும்புவோம். 1978-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் முதல் மாதர் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கம் தோன்றியது. லூஸியா 1979-80 பருவத்தில் ஹூஸ்டன் ஏஞ்சல்ஸ் குழுவிற் சேர்ந்து ஆடினார். கல்லூரியை விட்டு இரண்டாண்டு கழிந்திருந்தது. இடையிலே ஒரு மகப்பேறு. எந்த ஆட்டக்காரனாயினும், தன் உடல் உச்சநிலையில் நிற்கும் இரண்டாண்டைக் களமின்றிக் கழித்தால் என்னவாவான் என்பதை எண்ணிப் பாருங்கள். அச்சங்கமோ நிலைத்து நிற்கவில்லை. முதலீடு போதவில்லை, பல ஊர்களிற் சம்பளம் நாட்கணக்கிற் பாக்கி நின்றது, கொடுத்த காசோலைகள் வங்கியினின்று திரும்பின. 1981-ல் மின்னெஸோட்டாக் குழுப் பெண்கள், கூலி கொடாமல் ஆடச் சொல்லுகிறீர்களே என்று, ஆட்டந் தொடங்கும் வேளையிற் களத்தைவிட்டே வெளியேறினர். வேலைநிறுத்தம் கண்ட நம் தோட்டப் பெண்களுக்கு அக்காட்சி நன்கு விளங்கும். அவ்வாண்டோடு சங்கம் மூடப்பட்டது. லூஸியா அதற்கு முன்னரே ஊர் திரும்பியிருந்தார்.

அதன்பின் அவர் படித்த கல்லூரியிலேயே மாணவரைச் சேர்க்கும் அலுவலராகவும், துணைப் பயிற்சியாசிரியையாகவும் இருந்தார். டெக்ஸாஸில் ஒரு கல்லூரிக் குழுவை ஈராண்டு நடத்தினார். இறுதியில் தாம் பயின்ற உயர்தரப் பள்ளியிலேயே ஆசிரியையாக அமர்ந்தார். பிள்ளைகளை வளர்த்தார். இவையெல்லாம் நல்ல வேலைகள்; நானும் ஆசிரியைதான், ஆசிரியத் தொழிலைக் குறைத்துச் சொல்லேன். ஆனால் இடையிலே அவரை ஒரு கொடிய மனநோய் பற்றியது. எல்லையற்ற கிளர்ச்சியும், எல்லையற்ற சோர்வும் மாறிமாறி வரும் நோய் அது. ஆட்டம் இல்லாமற் போனதே அதற்குக் காரணம் என்று மருத்துவர் போல் நான் தீர்ப்புக் கூறமாட்டேன். பல்லாயிரவர் எழுந்துநின்று ஆர்ப்பரித்த காலம் ஒரே நாளில் அறுபட்டுப்போனதை அவர் தம் வாயாலேயே பேசியிருக்கிறார் என்பதை மட்டும் சொல்வேன். மனநோயைப் பேய் என்றும், சாபம் என்றும் மூடிவைத்து, உடுக்கையடிப்போனைத் தேடி ஓடும் நம்மவர், அவ்வம்மையார் உலகறிய "எனக்கு இந்நோய் உண்டு, மருந்துண்கிறேன்" என்று கூறியதைக் கவனிக்கவேண்டும்.

"பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க யார் காசு கொடுப்பார்? கூட்டம் வந்தாலன்றோ சம்பளம்?" என்னும் வியாபாரிகளின் வாதத்திற்கு வருவோம். கூட்டம் வந்தது, டெல்ட்டா ஸ்டேட்டில் வந்ததை மேலே சொன்னேன். தொடர்ந்து ஆட்டம் நடத்தி, தொலைக்காட்சியிற் காட்டி, ஊரூராக வழக்கப்படுத்தினாலன்றிக் கூட்டம் தானாக முளைக்காது. ஆடவர் சங்கங்களும் பல ஆண்டு நஷ்டப்பட்டே வேரூன்றின. இன்றுள்ள மாதர் தேசியக் கூடைப்பந்துச் சங்கம் ஆடத் தொடங்கியது 1997-ல். அப்போது லூஸியாவிற்கு வயது நாற்பத்திரண்டு. அதிலும், 2024-ல் கெய்ட்லின் கிளார்க் என்னும் பெண் முதற்பெயராகத் தெரிந்தெடுக்கப்பட்டு, சென்ற ஊரெல்லாம் அரங்கை நிரப்பியபோது, அவருக்குச் சங்கம் அளித்த முதலாண்டுச் சம்பளம் 76,535 டாலர். அதே ஆண்டு ஆடவரில் முதற்பெயராக வந்தவனுக்கு ஒரு கோடி டாலருக்கும் மேல். நூறு மடங்கிற்கும் மேற்பட்ட இவ்வேற்றுமையைக் கூட்டக் கணக்கைக் காட்டி நியாயப்படுத்த யாராலியலும்?

1992-ல் ஸ்பிரிங்பீல்டு நகரிலுள்ள கூடைப்பந்துப் புகழ்மன்றம் லூஸியாவை ஏற்றது. நேரா வைட் என்பாரும் அவ்வாண்டே சேர்ந்தார். ஆட்டக்காரிகள் என்ற முறையில் அங்கே இடம்பெற்ற முதற்பெண்கள் இவ்விருவர். கறுப்பினப் பெண்களில் லூஸியாவே முதல்வர். மேடைக்கு அவரை அழைத்து முன்னிறுத்தியவர் யார் தெரியுமா? போர்வைக்குள் ஒளிந்து அவர் பார்த்த அந்த ஆஸ்கார் ராபர்ட்ஸன்!

பின்னும் முப்பதாண்டு உலகம் அவரை மறந்திருந்தது. பென் ப்ரௌட்புட் என்னும் இளைஞர், அம்மையாரை ஒரு நாற்காலியில் அமர்த்தி, அவர் கதையை அவரே சொல்லும்படி விட்டு, 22 நிமிஷங்கொண்ட ஒரு படத்தை 2021-ல் வெளியிட்டார். கூடைப்பந்தின் அரசி என்பது அதன் பெயர். நான் அதனை மும்முறை பார்த்தேன். அழுது புலம்பும் கிழவி ஒருத்தியை எதிர்பார்த்து உட்கார்ந்தவர் ஏமாந்துபோவர். தொண்டை கரகரத்த குரலில், தாம் எறிந்த பந்துகளை நினைந்து அவர் சிரிக்கிறார். அச்சிரிப்பு எளிதில் நிற்பதாயில்லை. ஆடவர் குழுவிற்குப் போகாததைப்பற்றி வருந்தவில்லை என்றும், தம் மக்கள் நால்வரும் படித்து முன்னேறியதே தமக்குப் பெருமை என்றும் சொல்கிறார். இதை நம்பலாமா என்று சிலர் கேட்டனர். ஏன் நம்பலாகாது? அவர் வருந்தாதது அவர் பெருந்தன்மை. அதனைக் காட்டி, அவர்க்குக் களம் அமைக்காதவர்கள் தப்பித்துக்கொள்ளலாகாது.

லூஸியா ஹாரிஸ் அம்மையார் 2022-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள், அறுபத்தாறாம் வயதில், மிஸிஸிப்பியிலேயே காலமானார். அவ்வாண்டு மார்ச்சு 27-ல் அப்படத்திற்கு ஆஸ்கார் பரிசு வழங்கப்பெற்றது.